இழுக்குறது வண்டியா, வட்டியா?



ரெண்டு மாசமா எங்க வீட்டுல ஒரே பேச்சுதான். பழைய பொலிரோவைத் தள்ளிவிட்டுட்டு ஒரு பழைய ஸ்கார்ப்பியோ எடுக்கணும், பின்னாடி கொக்கி அடிச்சு ஒரு டிரெய்லர் மாட்டணும், வெங்காயம், முருங்கைக்காய், மக்காச்சோளம் எல்லாத்தையும் நாமளே ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு இழுத்துட்டுப் போகணும். வாடகை வண்டிக்காரனுக்கு ஏன் காசு அழணும்? இதுதான் பேச்சு. இதை ஆரம்பிச்சு வச்சது என் மைத்துனன். பின்பாட்டு பாடுறது கோயம்புத்தூர்ல வேலை பார்க்குற என் மகன். ரெண்டு பேரும் போன்ல வீடியோ காட்டுறாங்க. ஆஸ்திரேலியாவுல ஒரு விவசாயி பெரிய ஜீப்புல மாட்டு டிரெய்லரை மாட்டிக்கிட்டு நூறுல பறக்குறான். "பாருங்க மாமா, அவனும் விவசாயிதான், நீங்களும் விவசாயிதான்"னு மைத்துனன் சொல்றான்.

நானும் மயங்கிட்டேன். பொய் சொல்லக்கூடாது. முதல்ல அதைச் சொல்லிட்டு அப்புறம் சண்டைக்கு வர்றேன்.

போன தை மாசம் திண்டுக்கல்ல ஒரு கல்யாணம். மண்டபத்து வாசல்ல என் பொலிரோவை நிறுத்தப் போனேன். வண்டி நிறுத்தம் பார்க்குற பையன் ஓடி வந்து, "அண்ணே, சாமான் வண்டியெல்லாம் பின்பக்கம்"னான். வண்டிக்குள்ள என் வீட்டம்மா பட்டுச் சேலை கட்டி உட்கார்ந்திருக்கா. நான் ஒண்ணும் சொல்லல, பின்பக்கமே கொண்டு போய் விட்டேன். அவளும் ஒண்ணும் சொல்லல. ஆனா அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. அந்த வாரமே நாலு பேர்கிட்ட ஸ்கார்ப்பியோ விலை விசாரிச்சேன். டிரெய்லர், வெங்காயம், வாடகை மிச்சம் எல்லாம் அப்புறமா தேடிக்கிட்ட காரணம். ஊர்ல முக்கால்வாசிப் பேரு இப்படித்தான் பெரிய வண்டி எடுக்குறோம்னு நான் அடிச்சுச் சொல்லுவேன். கோவிச்சுக்கிறவங்க கோவிச்சுக்கலாம்.

சரி, கணக்குக்கு வருவோம். எங்க தோட்டம் ரெட்டியார்சத்திரம் பக்கம், நாலரை ஏக்கர். மார்க்கெட் போக இருபது கிலோமீட்டர், வர இருபது. நான் பள்ளிக்கூடம் முடிச்சவன், அதுக்கு மேல படிக்கல. ஆனா எங்கப்பா சொல்லிக் குடுத்தது, போறது வர்றது எல்லாத்தையும் நோட்டுல எழுதி வைக்கிறது. அந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். போன வருஷம் மொத்தம் 61 தடவை மார்க்கெட் போயிருக்கேன். அதுல 38 தடவை நாலு மூட்டை, ஆறு மூட்டைதான். பொலிரோ பின்சீட்டை மடக்கிப் போட்டு ஏத்திட்டுப் போனது. டன்னுக்கு மேல சரக்கு இருந்து வாடகை வண்டி பிடிச்சது வெறும் 23 தடவை. ஒரு நடைக்கு 1,500 ரூபாய். ஆக 34,500.

வருஷத்துக்கு 34,500 ரூபாய். நான் மிச்சம் பிடிக்கப் போறதா சொன்ன பணம் மொத்தமே அவ்வளவுதான்.

இப்ப அதுக்கு நான் போடப் போற பணத்தைப் பாருங்க. 2014 மாடல் ஸ்கார்ப்பியோவுக்கு 5,75,000 கேட்டாங்க. என் பொலிரோவை 2,25,000க்கு எடுத்துக்கிறேன்னாங்க. மீதி 3,50,000. வெல்டிங் பட்டறையில ஒன்றரை டன் டிரெய்லர் அடிக்க 90,000. மொத்தம் 4,40,000. கையில இல்லை, கடன்தான். பழைய வண்டிக்கு 14 வட்டி, 48 மாசம். மாசத் தவணை 12,000த்துச் சொச்சம். முதல் வருஷம் வட்டி மட்டும் 56,000. அசலைத் தொடவே இல்லை, டீசல் ஊத்தவே இல்லை, இன்சூரன்ஸ் கட்டவே இல்லை. 34,500ஐ மிச்சம் பிடிக்க 56,000 வட்டி.

டீசலையும் சேர்த்துக்கோங்க. 23 நடை, நடைக்கு 40 கிலோமீட்டர், 920 கிலோமீட்டர். டிரெய்லரை இழுத்தா லிட்டருக்கு எட்டு குடுத்தா பெரிய விஷயம். 115 லிட்டர். 93 ரூபாய்னா கிட்டத்தட்ட 10,700. வாடகை வண்டிக்காரன் கேட்குற 1,500ல அவன் டீசல், அவன் டயர், அவன் தூக்கம் எல்லாம் அடக்கம். இதை என் மைத்துனன்கிட்ட எழுதிக் காட்டினேன். ஒரு நிமிஷம் பேசாம இருந்தான். அப்புறம், "மாமா, எல்லாத்துக்கும் கணக்குப் பார்த்தா வாழ முடியுமா?"ன்னான். மாப்ள, கணக்குப் பார்க்காதவன் தோட்டம்தான் பைபாஸ் ஓரத்துல பிளாட் கல்லு நட்டு நிக்குது.

அடுத்தது இழுக்குற விஷயம். பெரிய வண்டின்னா நல்லா இழுக்கும்னு எல்லாரும் சொல்றாங்க. இழுக்கும், மறுக்கல. பழைய 2.5 லிட்டர் பொலிரோவுக்கு 63 குதிரை சக்தி. 2.2 லிட்டர் எம்ஹாக் ஸ்கார்ப்பியோவுக்கு 120. ரெண்டுமே சேஸ் மேல பாடி உட்கார்ந்த வண்டி. கொக்கி அடிச்சா நேரா சேஸ்ல அடிக்கலாம். ஜீப் மாதிரி தெரியுற எல்லா வண்டியும் அப்படி இல்லை. எக்ஸ்யூவி 500க்குத் தனி சேஸ் கிடையாது, பாடியேதான் சேஸ். வெளித்தோற்றத்தைப் பார்த்துக் கொக்கி அடிக்குறவங்க இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

ஆனா இழுக்குறது பாதிக் கதைதான். நிக்கணுமே! மாட்டு வண்டி ஓட்டுன எந்தப் பெருசைக் கேட்டாலும் சொல்லும், மேட்டுல ஏத்துறது மாட்டோட வேலை, பள்ளத்துல இறக்குறது மனுசன் வேலைன்னு. நம்ம ஊர் வெல்டிங் பட்டறையில அடிக்குற டிரெய்லருக்கு பிரேக் இருக்கா? இல்லை. அச்சு, ரெண்டு சக்கரம், தகரத் தொட்டி, கொக்கி. அவ்வளவுதான். டிராக்டர் பின்னாடி போறப்ப அது ஓடிருச்சு. ஏன்னா டிராக்டரே ரெண்டு டன் கனம், ஓடுறது இருபத்தஞ்சு வேகம். அதே தொட்டியை ஜீப்புக்குப் பின்னாடி மாட்டி நாலுவழிச் சாலையில எழுபத்தஞ்சுல போறோம். வேகம் மூணு மடங்கு. பள்ளிக்கூடத்துல படிச்சது ஞாபகம் இருக்கா? வேகம் மூணு மடங்கானா, அதை நிறுத்த வேண்டிய சக்தி ஒன்பது மடங்கு. ஒன்பது மடங்கை முன்னாடி வண்டியோட பிரேக் மட்டும் தாங்கணும். வாடகை மிச்சம்னு பேசுற வாய் இதைப் பேசுறதே இல்லை.

மைத்துனன் காட்டுன ஆஸ்திரேலியா வீடியோவுக்கே வர்றேன். அந்த நாட்டுல 750 கிலோவுக்கு மேல கனமுள்ள டிரெய்லருக்கு பிரேக் இருந்தே ஆகணும். ரெண்டு டன்னைத் தாண்டினா எல்லாச் சக்கரத்துலயும் இருக்கணும். நம்ம மஹிந்திரா பிக்கப் வண்டியை அங்க விக்குறப்போ 2,500 கிலோ வரைக்கும் இழுக்கலாம்னு எழுதித் தர்றாங்க, ஆனா பிரேக் வச்ச டிரெய்லரா இருந்தாத்தான். அந்த ஆளு நூறுல பறக்குறது தெரியுது, டிரெய்லர் சக்கரத்துக்குள்ள இருக்குற பிரேக் வீடியோவுல தெரியாது. தெரியாததை விட்டுட்டுத் தெரியுறதை மட்டும் வாங்குறதுதான் நம்ம வழக்கம்.

இதை ஏட்டுச் சுரைக்காயா எழுதல. எங்க பங்காளி ஒருத்தர், வண்டி பேரும் வேண்டாம் ஆள் பேரும் வேண்டாம், மூணு வருஷத்துக்கு முன்னாடி இதே மாதிரி மாட்டினார். மக்காச்சோளம் ஏத்திட்டு ஒரு ரயில்வே மேம்பாலத்துல இறங்குறார். முன்னாடி போன பஸ் ஆளை இறக்க நிக்குது. இவரு பிரேக்கை அழுத்துறார். ஜீப் நின்னுச்சு, டிரெய்லர் நிக்கல. பக்கவாட்டுல தள்ளி ஜீப்பைக் குறுக்கால திருப்பிருச்சு. தோள் எலும்பு முறிஞ்சு நாலு மாசம் கையைத் தூக்க முடியல. நான்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூட்டையைப் பின்பக்கமா அதிகம் அடுக்கியிருந்தாங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. பின்கனம் கூடினா முன்கொக்கி மேலே தூக்கும், டிரெய்லர் பாம்பு மாதிரி நெளியும். மொத்தக் கனத்துல பத்துல ஒரு பங்காவது கொக்கி மேல உட்காரணும். இது தெரிஞ்சு மூட்டை அடுக்குற ஆளு நம்ம ஊர்ல எத்தனை பேரு?

இன்சூரன்ஸ் பணம் வரலை. ஏன் வரலைன்னு விசாரிக்கப் போய்த்தான் நானும் என் பாலிசியை முதல் தடவையா முழுசாப் படிச்சேன். சொந்தக் கார் பாலிசியில, வாடகைக்கு விடக்கூடாது, நம்ம பெட்டி படுக்கை தவிர சரக்கு ஏத்தக்கூடாதுன்னு தெளிவா போட்டிருக்கு. டிரெய்லர்னா மோட்டார் வாகனச் சட்டப்படி அதுவும் ஒரு வண்டி. அதுக்கும் பதிவு வேணும், நம்பர் வேணும், இன்சூரன்ஸ் வேணும். பட்டறையில அடிச்சு மாட்டிட்டு வந்தா அது சட்டத்துக்கு முன்னாடி பேரில்லாத பிள்ளை. ரோட்டுல ஒருத்தர் மேல மோதிருச்சுன்னா நஷ்ட ஈடு நம்ம நாலரை ஏக்கர்ல இருந்துதான் போகணும்.

இந்த இடத்துல நான் என்னையும் குத்திக்கணும். பின்சீட்டை மடக்கி நான் ஆறு மூட்டை ஏத்துறேனே, அதுவும் அதே பாலிசிக்கு விரோதம்தான். இத்தனை வருஷம் தெரியாம செஞ்சேன். இனிமே தெரிஞ்சு செய்யணும். இதைப் படிச்சதுல இருந்து எனக்கு அது உறுத்திக்கிட்டே இருக்கு. என்ன செஞ்சேன்னு கடைசியில சொல்றேன்.

பழைய வண்டி பார்க்கப் போன கதையும் இருக்கு. மீட்டர்ல 84,000 கிலோமீட்டர் காட்டுச்சு. கிளட்ச் பெடல் ரப்பரைப் பார்த்தா தேஞ்சு இரும்பு பல்லைக் காட்டுது. 84,000 ஓடுன வண்டிக்கு இப்படித் தேயுமா? ஆர்.சி.யில பழைய கடன் இன்னும் அப்படியே இருக்கு. "அதெல்லாம் நான் எடுத்துத் தர்றேண்ணே"ன்னார் புரோக்கர். கடன் குடுத்தவன் கையெழுத்துப் போட்ட 35ஆம் நம்பர் படிவம் இல்லாம அது போகாது. 29, 30 படிவத்துல கையெழுத்து வாங்கிட்டா பேரு மாறிடும்னு நினைச்சுக் காசைக் குடுத்துட்டு அலையுறவங்களை எனக்கே தெரியும். இன்னொண்ணும் யோசிச்சேன். 2014 மாடலுக்கு 2029ல பதினஞ்சு வருஷம் முடியுது. என் 48 மாசத் தவணை முடியுறதும் கிட்டத்தட்ட அப்பத்தான். கடைசித் தவணையைக் கட்டிட்டு நிமிர்ந்தா, எஃப்.சி. வாசல்ல நிக்குது. 2022 ஏப்ரல்ல பதினஞ்சு வருஷம் தாண்டின காருக்குப் பதிவைப் புதுப்பிக்கிற கட்டணத்தையே 5,000 ஆக்கினாங்க. பசுமை வரி தனி. தகரம், டயர், லைட்டு சரி பண்ற செலவு அதுக்கும் தனி. வண்டி நமக்குச் சொந்தமாகுற அன்னைக்கு அது கிழவனாகிடும்.

எதிர்த்தரப்புக்கும் ஒரு நியாயம் இருக்கு, அதை மறைக்க மாட்டேன். நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை வச்சிருக்குறவங்களுக்குப் பொழுது விடியுறதுக்குள்ள பூ மார்க்கெட்ல இருக்கணும். ஒரு மணி நேரம் தப்பினா விலை பாதி. அவங்களுக்குச் சொந்த வண்டி வேணும். ஆனா பூவுக்கு டிரெய்லர் எதுக்கு? பைக்கே போதும். தினமும் ஒரு டன், ரெண்டு டன் தக்காளி இறக்குறவரு இருந்தா அவருக்கும் வண்டி வேணும். அவரு சரக்கு வண்டியே எடுக்கட்டும். 2005ல டாடா ஏஸ் வந்தப்போ நம்ம ஜனங்க அதுக்குக் குட்டியானைன்னு பேரு வச்சாங்க. முக்கால் டன் அந்தச் சின்ன வண்டி முதுகுலயே ஏறிடும். ஒன்றரை டன்னுக்கு பொலிரோ பிக்கப் இருக்கு. ரெண்டும் சரக்குக்குன்னே பண்ணின வண்டி, பிரேக்கும் சரக்குக்குன்னே போட்டது, பாலிசியும் சரக்குக்கு. ராத்திரி மாட்டுக்கு முடியலைன்னா என்ன பண்றதுன்னு வீட்டம்மா கேட்டா. நல்ல கேள்வி. ஆனா பன்னெண்டு வருஷத்துல அப்படி ரெண்டு தடவை நடந்துச்சு. ரெண்டு தடவையும் டாக்டர்தான் தோட்டத்துக்கு வந்தார்.

குடும்பம் போக, கல்யாணத்துக்குப் போக ஸ்கார்ப்பியோ வேணும்னா, பணம் இருக்குறவங்க தாராளமா எடுங்க. நல்ல வண்டிதான். ஆனா விவசாயத்துக்குன்னு பேரு வச்சு எடுக்காதீங்க. பொண்டாட்டி நகையை சொசைட்டியில வச்சு எடுக்காதீங்க. யானையைக் கட்டித் தீனி போடுற கதைதான் அது.

இப்ப நான் கேட்குற கேள்வி ஒண்ணே ஒண்ணு. நமக்கு நஷ்டம் எங்க வருது? சரக்கைக் கொண்டு போறதுலயா? போன வருஷம் ஒரே பட்டத்து சின்ன வெங்காயம். அறுத்த கையோட வித்தப்போ கிலோ 28. மூணு மாசம் கழிச்சு அதே வெங்காயம் 55க்குப் போச்சு. என்கிட்ட இருந்தது நாலு டன். வாடகை வண்டிக்காரன் என்கிட்ட வாங்கினது கிலோவுக்கு ஒரு ரூபாய் சொச்சம். காத்திருக்க முடியாம நான் விட்டது கிலோவுக்கு 27. காய்ச்சல்ல, அழுகல்ல கால்வாசி போனாலும் லாபம் லாபம்தான். எல்லா வருஷமும் விலை ஏறும்னு நான் சொல்லல, இறங்கின வருஷமும் உண்டு. ஆனா காத்திருக்க வழி இருக்குறவனுக்குத்தான் எப்ப விக்கலாம்னு யோசிக்கவே முடியும். ஒன்றை விட்டுட்டு இருபத்தேழைப் பார்க்காம, ஒரு ரூபாயை மிச்சம் பிடிக்க நாலரை லட்சம் கடன் வாங்கப் பார்த்திருக்கேன்.

வேகமா மார்க்கெட் போறவனுக்கு நம்ம ஊர்ல காசு இல்லை. எல்லாரும் வேகமாப் போய் ஒரே நாள்ல கொட்டுறதாலதான் விலை விழுது. கேரளாவுக்குப் போற லாரி எத்தனை கொள்ளுமோ அத்தனைதான் கொள்ளும். ஸ்கார்ப்பியோ ஒரு மணி நேரம் முன்னாடி கொண்டு போய்ச் சேர்க்கும். வெங்காயப் பட்டறை மூணு மாசம் கழிச்சுக் கொண்டு போய்ச் சேர்க்கும். வெல்டிங் பட்டறைக்குக் குடுக்க இருந்த 90,000ஐ நான் வெங்காயப் பட்டறைக்குப் போடலாம்னு முடிவு பண்ணிட்டேன். அந்த அளவு பணத்தைக் கடன் இல்லாம ரெண்டு பட்டத்துல புரட்டிடலாம். தரையில இருந்து ஒன்றரை அடி உசரத்துல கல்லு, மேல மூங்கில் தப்பை, காத்து போக ரெண்டு பக்கமும் சந்து, மேல கூரை. எங்க தாத்தா காலத்துல பனஞ்சட்டத்துல போட்ட அதே வேலைதான்.

நான் கடைசியா செஞ்சது இது. பக்கத்துத் தோட்டத்துக்காரங்க ரெண்டு பேரைக் கூட்டி உட்கார வச்சேன். மூணு பேரும் ஒரே நாள்ல அறுக்குறது, ஒரே பிக்கப்பைப் பேசுறதுன்னு முடிவாச்சு. நடைக்கு 1,500ன்னா ஆளுக்கு 500. நாலு மூட்டை, ஆறு மூட்டையும் இனி அதுல போகும். பொலிரோ பின்சீட்டை நிமிர்த்தி வச்சுட்டேன். வண்டி ஓட்டுறது நம்ம ஊர்ப் பையன்தான். பி.ஏ. படிச்சுட்டு வேலை கிடைக்காம கடன் வாங்கி அந்த வண்டி எடுத்தவன். ஊருக்கு ஊர் நாமளே டிரெய்லர் மாட்டிட்டா அவன் தவணையை யார் கட்டுறது? இந்தக் கேள்வி எனக்கு முதல்ல தோணியிருக்கணும், கடைசியிலதான் தோணுச்சு.

போன வியாழக்கிழமை முதல் நடை போச்சு. பையன் சரக்கை இறக்கிட்டு வந்து, "சித்தப்பா, அந்த ஸ்கார்ப்பியோ எடுக்கலையா?"ன்னு கேட்டான். இல்லப்பான்னேன். "எடுத்திருந்தா எனக்கும் ஒரு ரவுண்டு குடுத்திருப்பீங்க"ன்னு சிரிச்சான்.

அடுத்த மாசம் இன்னொரு கல்யாணம் இருக்கு, அதே மண்டபம். பொலிரோவுலதான் போறோம். வாசல்ல அந்தப் பையன் இருந்தான்னா முன்பக்கமே நிறுத்துறதுன்னு வீட்டம்மா சொல்லிட்டா. என் கணக்குல தப்பு இருக்குன்னு நினைக்கிறவங்க தோட்டத்துக்கு வாங்க, நோட்டு கட்டில் அடியிலதான் இருக்கு. உங்க நோட்டையும் எடுத்துட்டு வாங்க.